மூன்றரை டொலர்ச் சந்தா
ஒரு கமத்தொழிலாளர் சங்கத்தின் கணக்குப் புத்தகம் சொல்லும் கதை

ஒரு கிராமத்தில் புதிதாகச் சங்கம் ஒன்றை ஆரம்பிக்கும் கூட்டத்திற்குப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். தலைவர் தெரிவு, செயலாளர் தெரிவு எல்லாம் சுறுசுறுப்பாக நடக்கும். சங்கத்திற்கு என்ன பெயர் வைப்பது என்று அரை மணித்தியாலம் விவாதம் நடக்கும். கடைசியில் யாராவது ஒருவர் எழுந்து, "சந்தா எவ்வளவு?" என்று கேட்பார். அத்துடன் கூட்டம் அமைதியாகிவிடும். "சனத்திட்டை இப்ப காசு எங்கை? முதலிலை சங்கத்தைத் தொடங்குவம், காசைப் பிறகு பாப்பம். ஏதாவது நிறுவனம் உதவி செய்யும்" என்று ஒருவர் சொல்வார். எல்லோரும் தலையாட்டுவார்கள். சங்கம் தொடங்கும். இரண்டொரு வருடத்தில் உதவி நின்றதும் சங்கமும் நின்றுவிடும். பெயர்ப்பலகை மட்டும் மழையிலும் வெயிலிலும் நிற்கும்.

கையில் ஒன்றுமில்லாத மக்கள் தமது சங்கத்திற்குத் தாமே காசு போட முடியுமா? போடச் சொல்வது நியாயமா? இந்தக் கேள்விக்கு விடை தேட ஒரு தூரத்து நாட்டுக் கதை எமக்கு உதவும். அது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் முந்திரிகைத் தோட்டங்களில் கூலிக்கு வேலை செய்தவர்கள் கட்டிய சங்கத்தின் கதை. அதன் போராட்டங்களைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். இங்கே நாம் அதன் கணக்குப் புத்தகத்தை மட்டும் புரட்டிப் பார்ப்போம்.

காணி இழந்த குடும்பம்

அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர் செசார் சாவேஸ். 1927ஆம் ஆண்டு அரிசோனா மாநிலத்தின் யூமா நகருக்கு அருகில், மெக்சிக்கோ வழிவந்த ஒரு கமக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். பாட்டனார் வெட்டித் திருத்திய காணியில் குடும்பம் பயிர் செய்து வாழ்ந்தது. 1930களில் உலகெங்கும் பொருளாதார மந்தம் ஏற்பட்டது. காணி வரி நிலுவையாயிற்று. அந்தத் தசாப்தத்தின் இறுதியில் காணி கைவிட்டுப் போயிற்று. தகப்பன், தாய், பிள்ளைகள் எல்லோரும் தட்டுமுட்டுச் சாமான்களுடன் கலிபோர்னியாவுக்கு வந்து சேர்ந்தார்கள். நேற்றுவரை சொந்தக் காணியில் நின்றவர்கள், இன்று அடுத்தவர் தோட்டத்தில் பட்டாணி பிடுங்கவும் பருத்தி எடுக்கவும் போனார்கள். ஒரு ஊரில் அறுவடை முடிந்தால் அடுத்த ஊர். பிள்ளைகளின் படிப்பு பள்ளிக்கூடத்திற்குப் பள்ளிக்கூடம் அறுந்து அறுந்து போயிற்று. இது எப்படிப்பட்ட வாழ்க்கை என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

வளர்ந்தபின் சாவேஸ் 1952 முதல் பத்து ஆண்டுகள் ஒரு சமூக சேவை அமைப்பில் சம்பளத்திற்கு வேலை செய்தார். கமத்தொழிலாளரைச் சங்கமாக்க வேண்டும் என்ற அவரது யோசனையை அந்த அமைப்பு ஏற்கவில்லை. 1962ஆம் ஆண்டு வேலையை விட்டார். மனைவி ஹெலன், எட்டுப் பிள்ளைகள், கொஞ்சச் சேமிப்பு. இவற்றுடன் டெலானோ என்ற சிறு நகரத்தில் போய்க் குடியேறினார். ஹெலன் தோட்ட வேலைக்குப் போய்க் குடும்பத்தைப் பார்த்தார். அதே அமைப்பிலிருந்து விலகி வந்த டொலோரெஸ் ஹுவெர்ட்டா என்ற பெண்மணியும் இவர்களுடன் சேர்ந்துகொண்டார்.

அந்த நாட்டில் ஆலைத் தொழிலாளருக்குச் சங்கம் அமைக்கும் உரிமையைப் பாதுகாத்த சட்டம் 1935ஆம் ஆண்டில் வந்தது. கமத்தொழிலாளரை அச்சட்டம் வெளியே விட்டுவிட்டது. ஆகவே முதலாளி இவர்களுடைய சங்கத்தை ஏற்க வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. அதற்கு முன் இவர்கள் மத்தியில் தோன்றிய சங்கங்கள் பெரும்பாலும் ஒரு வேலைநிறுத்தத்துடன் எழுந்து, அதனுடனேயே மடிந்தன. வெளியிலிருந்து பெரிய தொழிற்சங்கம் காசு அனுப்பும். ஆட்கள் வருவார்கள். வேலைநிறுத்தம் தோற்றதும் காசும் நிற்கும், ஆட்களும் போய்விடுவார்கள். சாவேஸ் இதை நன்றாகக் கவனித்திருந்தார்.

சந்தா எவ்வளவு?

1962 செப்டெம்பர் 30ஆம் திகதி, பிரெஸ்னோ நகரில் பாழடைந்து கிடந்த ஒரு பழைய திரையரங்கில் சங்கத்தின் முதல் மாநாடு கூடியது. 'தேசிய கமத்தொழிலாளர் சங்கம்' என்ற கருத்துடைய பெயரை வைத்தார்கள். சிவப்புக் கொடியில் கறுத்தக் கழுகு. சந்தா மாதம் மூன்றரை டொலர்.

மூன்றரை டொலர் என்பது அன்று சிறிய காசு அல்ல. அக்காலத்தில் தோட்டக்கூலி மணித்தியாலத்திற்கு ஒரு டொலரும் சில சதங்களும்தான். ஆகவே சந்தா என்பது ஏறத்தாழ மூன்று மணித்தியால உழைப்பு. அதுவும் வேலை உள்ள மாதத்தில்தான். மாரி காலத்தில் வேலையே இராது. இவ்வளவு காசை ஏழைகளிடம் கேட்கலாமா என்று பலர் தயங்கினார்கள்.

அவர்களுடைய பயம் பொய்யாகவில்லை. தொடக்கத்தில் 200க்குச் சற்று மேற்பட்டோர் சந்தா கட்டினார்கள். மூன்று மாதம் முடியும்போது ஒழுங்காகக் கட்டியவர்கள் ஒரு டசினளவில்தான் எஞ்சினர். இன்றைய எமது சங்கம் ஒன்றுக்கு இப்படி நடந்திருந்தால் என்ன செய்திருப்போம்? சந்தாவைக் குறைத்திருப்போம். அல்லது திட்ட அறிக்கை ஒன்று எழுதி எங்காவது அனுப்பியிருப்போம்.

சாவேஸுக்கு உதவி தேடி அலைய வேண்டியும் இருக்கவில்லை. வெளியிலிருந்து 50,000 டொலர் தர முன்வந்தார்கள். அந்தக் காலத்தில் அது பெருந்தொகை. அவர் வேண்டாம் என்றார். காசு தருபவர் சில மாதங்களில் பலனை எதிர்பார்ப்பார், வேகமாக ஓடச் சொல்வார், சங்கமோ இன்னும் தவழும் பருவத்தில் இருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். அந்த நாட்களில் அவர் சாப்பாட்டுக்கே தொழிலாளர் வீடுகளில் கேட்க வேண்டியிருந்தது. கேட்க வெட்கமாக இருந்தாலும், சாப்பாடு போட்ட வீட்டார்தான் பிறகு உறுதியான அங்கத்தவர்கள் ஆனார்கள் என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

மழைநாளில் ஒரு ஐந்து டொலர்த் தாள்

1971ஆம் ஆண்டு பணத்தையும் சங்க வேலையையும் பற்றிப் பேசிய ஓர் உரையில் சாவேஸ் ஒரு சம்பவத்தைச் சொன்னார்.

டெலானோவுக்குத் தெற்கே மக்பார்லண்ட் என்ற சிற்றூர். மாரி காலம், மாலை நேரம், மழை. வேலை இல்லாத மாதம். சந்தா வாங்குவதற்காக ஒரு தொழிலாளியின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். அந்த மனிதர் ஐந்து டொலர்த் தாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பாட்டுச் சாமான் வாங்கக் கடைக்குப் புறப்படுகிறார். வீட்டில் இருந்த காசு அவ்வளவுதான். கேட்பதா, விடுவதா? சாவேஸ் கேட்டார். தாளை மாற்றி மூன்றரை டொலரை அந்த மனிதர் கொடுத்தார். மிச்சம் ஒன்றரை டொலர். சற்று நேரத்தின் பின், அந்த ஒன்றரை டொலருக்கு அவர் கடையில் சாமான் வாங்குவதைச் சாவேஸ் கண்டார். அந்தக் காட்சி அவர் மனதை வருத்தியது. ஆனாலும், அப்படிக் கேட்டிராவிட்டால் சங்கம் என்ற ஒன்று இருந்திராது என்பதே அவருடைய முடிவு.

இதை வாசிக்கும்போது எமக்குக் கோபம் வரலாம். பிள்ளைகளின் சாப்பாட்டுக் காசில் சங்கமா? அந்தக் கோபம் நியாயமானதுதான். அதை அப்படியே மனதில் வைத்துக்கொள்வோம். பின்னால் அது எமக்கு உதவும்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. அந்த மனிதர் கொடுத்த காசு பேரேட்டில் அவருடைய பெயருக்கு நேரே ஏறியது. அடுத்த கூட்டத்தில், "என்னுடைய மூன்றரை டொலருக்கு என்ன நடந்தது?" என்று கேட்க அவருக்கு உரிமை இருந்தது. இலவசமாக வந்த அங்கத்தவர் அப்படிக் கேட்பதில்லை. கேட்டாலும் யாரும் பதில் சொல்வதில்லை.

சந்தாவுக்கு என்ன கிடைத்தது?

காசு வாங்கிய சங்கம் வெறும் பேச்சுப் பேசவில்லை. முதல் மூன்று ஆண்டுகள் அது வேலைநிறுத்தம் என்ற பேச்சைப் பெரிதாக எடுக்கவில்லை. சாவு வீட்டுச் செலவுக்கு உதவும் காப்புறுதி ஒன்றை ஏற்படுத்தியது. எமது ஊர்களில் மரண உதவிச் சங்கம் செய்யும் வேலை அது. சம்பளம் ஏமாற்றப்பட்டவர்களுக்காகப் பேசியது. அலுவலகங்களில் படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பிக் கொடுத்தது. 1964 டிசம்பரில் சொந்தப் பத்திரிகை ஒன்றையும் தொடங்கியது.

எல்லாவற்றிலும் முக்கியமானது கடன் சங்கம். எமது நாட்டில் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் என்று நாம் அறிந்த அதே ஏற்பாடு. அங்கத்தவர் சிறிது சிறிதாகச் சேமிப்பர். தேவைப்பட்டவர் அந்தச் சேமிப்பிலிருந்து குறைந்த வட்டிக்குக் கடன் எடுப்பர். வங்கி வாசலில் கமத்தொழிலாளிக்கு மதிப்பில்லை. வட்டிக்காரரிடம் போனால் மீள முடியாது. அதற்கு மாற்று இதுதான். முதல் போடக் காசு இல்லாதபோது, சாவேஸின் சகோதரர் றிச்சர்ட் தமது வீட்டை ஈடு வைத்து 3,700 டொலர் எடுத்துக் கொடுத்தார். கணக்கை ஹெலன் பார்த்தார். பகலில் தோட்டத்தில் வேலை, வீட்டில் எட்டுப் பிள்ளைகள். இவற்றுக்கிடையில் கணக்குவைப்புப் பழகி, சதக் கணக்காக எழுதினார். சங்கங்களின் வரலாற்றில் மேடையில் பேசியவர்களின் பெயர்கள் இருக்கின்றன. கணக்கு எழுதிய பெண்களின் பெயர்கள் குறைவாகவே இருக்கின்றன. ஹெலன் சாவேஸின் பெயரை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நூறு டொலருடன் ஒரு வேலைநிறுத்தம்

1965 செப்டெம்பர் 8ஆம் திகதி டெலானோ முந்திரிகைத் தோட்டங்களில் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். லாரி இட்லியோங் அவர்களின் தலைவர். மணித்தியாலத்திற்கு 1 டொலர் 40 சதம் என்பது கோரிக்கை. அவர்களுடையது வேறு சங்கம். இப்போது மெக்சிக்கோ வழிவந்த தொழிலாளர்கள் என்ன செய்வது? முதலாளிகள் எப்போதும் ஒரு சாதியாரின் வேலைநிறுத்தத்தை மற்றச் சாதியாரைக் கொண்டு முறிப்பதே வழக்கம்.

செப்டெம்பர் 16ஆம் திகதி டெலானோவின் கோவில் மண்டபத்தில் சாவேஸின் சங்கம் கூடியது. மண்டபம் நிரம்பி வழிந்தது. வேலைநிறுத்தத்தில் சேர்வதென்று தீர்மானித்தார்கள். அன்றைய கணக்கு என்ன? பதிவில் 1,200 அளவான குடும்பங்கள். ஒழுங்காகச் சந்தா கட்டியவர்கள் 200 அளவில். வங்கியிலிருந்த கையிருப்பு நூறு டொலருக்குள்.

மூன்று வருடம் பட்டினி கிடந்து சேர்த்த சந்தாவின் மிச்சம் இவ்வளவுதானா என்று கேட்கலாம். காசாகப் பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் அந்த 200 குடும்பங்கள் தான் உண்மையான கையிருப்பு. வேலைநிறுத்தம் ஐந்து ஆண்டுகள் இழுபட்டது. வெளியிலிருந்து வந்த காசில் மட்டும் தங்கியிருந்த பழைய சங்கங்கள் பெரும்பாலும் அவ்வளவு காலம் தாங்கவில்லை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வெளி உதவி இல்லாமல் இந்தச் சங்கமும் வென்றிராது. 1965 டிசம்பரில் மோட்டார் வாகனத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் வோல்டர் ரூதர் டெலானோவுக்கு வந்து, வேலைநிறுத்தம் முடியும்வரை இரு சங்கங்களுக்குமாக மாதம் 5,000 டொலர் தருவதாக அறிவித்தார். நகரங்களிலிருந்து மாணவர்களும் திருச்சபையினரும் உணவும் உடுப்பும் வாகனங்களில் ஏற்றி வந்தார்கள். திருச்சபையின் ஊதியத்தில் இருந்த சில பணியாளர்கள் சங்க வேலைக்கென்றே விடப்பட்டார்கள். 1966இல் இரு சங்கங்களும் இணைந்து, அமெரிக்கத் தொழிற்சங்கப் பெருஞ்சம்மேளனத்தில் சேர்ந்தன. அங்கிருந்தும் மாதாந்த உதவி வந்தது.

அப்படியானால் 1962இல் 50,000 டொலரை மறுத்தவர் 1965இல் மட்டும் ஏன் வாங்கினார்? வித்தியாசம் காலத்தில் இருக்கிறது. முதலாவது காசு வந்திருந்தால் சங்கத்தை அந்தக் காசுதான் கட்டியிருக்கும். இரண்டாவது காசு வந்தபோது, காசுக்காரர் விலகினாலும் கலையாத ஒரு கூட்டம் ஏற்கனவே இருந்தது.

செலவு எப்படி நடந்தது? சங்க வேலையாட்கள் பெரும்பாலானோருக்கு வாரத்திற்கு 5 டொலர் கைச்செலவும், இருக்க இடமும், சாப்பாடும் மட்டுமே. தலைவருக்கும் அதேதான். வேலைநிறுத்தக்காரர் பலர் இந்த 5 டொலருடன் தூர நகரங்களுக்குப் போய், கடைக்குக் கடை நின்று, முந்திரிகைப்பழத்தைப் பகிஷ்கரிக்கும்படி மக்களைக் கேட்டார்கள். 1970 ஜூலை 29ஆம் திகதி டெலானோவின் 26 முதலாளிமார் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மணித்தியாலத்திற்கு 1 டொலர் 80 சதம். பெட்டிக்கு மேலதிகமாக 20 சதம். அத்துடன், ஒவ்வொரு மணித்தியால வேலைக்கும் முதலாளி 10 சதம் மருத்துவ நிதிக்கும், 2 சதம் பொருளாதார அபிவிருத்தி நிதிக்கும் கட்ட வேண்டும். அந்த நிதியும் பலரின் உழைப்பும் சேர்ந்து, வயோதிப பிலிப்பைன்ஸ் தொழிலாளர்களுக்கென 'அக்பயானி கிராமம்' என்ற குடியிருப்பு 1974இல் திறக்கப்பட்டது. முதலாளியின் முகாமைவிட்டால் போக்கிடமில்லாதிருந்த முதியவர்களுக்குச் சொந்தமாய் ஒரு கதவு கிடைத்தது.

வெற்றிக்குப் பின் வந்த நிலுவை

ஒப்பந்தம் வந்தபின் சந்தா வாங்கும் முறை மாறியது. வீடு வீடாகப் போய்க் கேட்கத் தேவையில்லை. முதலாளியின் அலுவலகமே சம்பளத்தில் கழித்துச் சங்கத்திற்கு அனுப்பும். எமது மலையகத் தோட்டங்களில் தொழிற்சங்கச் சந்தா சம்பளத்தில் கழிக்கப்படுவது போன்றது. வேலை இலகுவானது. காசும் பெருகியது. ஆனால் மழையில் நனைந்து கதவைத் தட்டிய மனிதர் இப்போது வரவில்லை. கதவைத் தட்டும்போது அவர் சந்தா மட்டும் வாங்கவில்லை, குறைகளையும் கேட்டார். அதுவும் நின்றது.

வேறொரு பிரச்சினையும் கிளம்பியது. வேலைக்கு ஆள் அனுப்பும் பொறுப்பு ஒப்பந்தப்படி சங்க அலுவலகத்திடம் வந்தது. அங்கே வேலைச் சீட்டு எடுக்கப் போனால், முதலில் நிலுவைச் சந்தாவைக் கட்டச் சொன்னார்கள். கமத்தொழிலாளிக்கு வருடத்தில் சில மாதங்கள் வேலை இராது. வேலை இல்லாத மாதங்களுக்கும் சேர்த்து மூன்றரை டொலர் வீதம் கட்டு என்றால் எப்படி? தொழிலாளர்கள் முணுமுணுத்தார்கள். முந்திச் சந்தா மனமுவந்து கொடுத்த காசு. இப்போது அது வேலை கேட்டு நிற்கும் வரிசையில் பிடுங்கும் காசு. அதே தொகைதான், ஆனால் அதன் பொருள் மாறிவிட்டது. சற்று முன் எமக்கு வந்த கோபத்தை இங்கே நினைவுகூரலாம்.

1973இல் ஒப்பந்தக் காலம் முடிந்தது. முதலாளிகள் பலர் போட்டிச் சங்கம் ஒன்றுடன் கையெழுத்திட்டார்கள். அவர்களுடைய சூழ்ச்சி பெரியதுதான். ஆனால் தொழிலாளரின் மனக்குறையும் அதற்குக் கைகொடுத்தது. மீண்டும் வேலைநிறுத்தம். பெருஞ்சம்மேளனம் 16 இலட்சம் டொலர் வேலைநிறுத்த நிதி கொடுத்தது. 1965இல் நூறு டொலருடன் தொடங்கிய வேலைநிறுத்தம் ஐந்து ஆண்டு நின்று வென்றது. 1973இல் 16 இலட்சம் டொலர் சில மாதங்களில் கரைந்தது. ஓகஸ்ட் மாதத்தில் இரு தொழிலாளர் உயிரிழந்தபின் வேலைநிறுத்தம் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 150 ஒப்பந்தங்களில் ஒரு டசினளவே மிஞ்சின. அங்கத்தவர் தொகை பல பத்தாயிரத்திலிருந்து பத்தாயிரத்திற்குக் கீழே இறங்கியது.

இந்தப் பாடத்தைச் சங்கம் ஓரளவு படித்தது. மாதாந்த நிலையான சந்தா போய், உழைப்பில் நூற்றுக்கு 2 வீதம் என்ற முறை வந்தது. உழைத்தால் கட்டு, உழைப்பில்லாவிட்டால் இல்லை. 1975இல் கலிபோர்னியா மாநிலம் கமத்தொழிலாளருக்கு இரகசிய வாக்கெடுப்பின் மூலம் சங்கத்தைத் தெரிவுசெய்யும் உரிமையைச் சட்டமாக்கியது. சங்கம் மீண்டும் எழுந்தது.

பணம் வரும் திசை

ஆனால் உள்ளே வேறொரு குறை வளர்ந்தது. பல தொழிற்சங்கங்களில் ஊருக்கு ஊர் கிளைகள் இருக்கும். சந்தாவில் ஒரு பங்கு கிளையிடம் நிற்கும். கிளை தன் பணத்தைத் தானே செலவிடும், தன் நிர்வாகிகளைத் தானே தெரிவுசெய்யும். இந்தச் சங்கத்தில் அப்படியான கிளைகள் அமைக்கப்படவில்லை. சந்தா முழுவதும் தலைமையகத்திற்குப் போனது. தலைமையகமும் 1971இல் டெலானோவை விட்டுத் தோட்டங்களுக்கு எட்டத்தில், மலையடிவாரத்திலிருந்த பழைய காசநோய் வைத்தியசாலை ஒன்றுக்கு மாறியிருந்தது. வாரம் 5 டொலர் என்ற தியாக முறையும் சிக்கலாயிற்று. பிள்ளைகுட்டிக்காரர் எத்தனை வருடம் அப்படி வேலை செய்வார்கள்? 1978இல் சட்டத்தரணிகள் சம்பள உயர்வு கேட்டபோது நிர்வாகசபை மறுத்தது. அனுபவசாலிகள் பலர் போய்விட்டார்கள். தலைமையைக் கேள்வி கேட்டவர்களும் வெளியேற்றப்பட்டார்கள். 1981ஆம் ஆண்டு மாநாட்டில், சலினாஸ் மரக்கறித் தோட்டத் தொழிலாளர் தாமே தெரிவுசெய்த பிரதிநிதிகள் நிர்வாகசபைக்கு மாற்று ஆட்களைப் பிரேரித்தார்கள். பிறகு அவர்கள் பதவிகளிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

1980களில் ஒப்பந்தங்கள் குறைந்தன. சந்தாவும் குறைந்தது. அந்த இடைவெளியை நிரப்ப வேறு வழி கண்டார்கள். நகரங்களிலிருக்கும் அனுதாபிகளுக்குக் கடிதம் அனுப்பி நன்கொடை பெறுவது. கணினி வந்திருந்த காலம். முகவரிப் பட்டியல்கள் இருந்தன. பகிஷ்கரிப்புக் காலத்துப் பெயர் இன்னும் மங்கவில்லை. காசு வந்தது. சங்கத்துடன் தொடர்புடைய தரும நிறுவனங்கள், வானொலி, வீடமைப்பு என்று அலுவல்கள் வளர்ந்தன. ஆனால் தோட்டத்தில் சங்கத்தின் கால் தடம் தேய்ந்தது. இதில் யாரும் திருடவேண்டியதில்லை, ஏமாற்ற வேண்டியதில்லை. காசு எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையையே ஒரு சங்கத்தின் முகம் பார்க்கும். நகரத்து நன்கொடையாளருக்கு எழுதும் கடிதம் நன்றாயிருக்கிறதா என்பது முக்கியமானது. தோட்டத்துத் தொழிலாளி திருப்தியாக இருக்கிறாரா என்பது பின்னுக்குப் போனது.

சாவேஸ் 1993 ஏப்ரல் 23ஆம் திகதி அரிசோனாவில், தாம் பிறந்த இடத்திற்கு அருகில் இறந்தார். சங்கத்திற்கெதிரான பெரிய நட்டஈட்டு வழக்கொன்றில் சாட்சியமளிப்பதற்காக அங்கே போயிருந்தார். சங்கம் இன்னும் இயங்குகிறது. சட்டங்களைப் பெற்றுக்கொடுப்பதில் அதன் குரலுக்கு வலு உண்டு. எனினும் கலிபோர்னியாவின் பல இலட்சம் கமத்தொழிலாளர் மத்தியில் அதன் அங்கத்தவர்கள் ஒரு சிறு பகுதியினரே.

எமக்கு என்ன?

இந்தக் கதையிலிருந்து, "வெளி உதவி வேண்டாம்" என்ற முடிவுக்கு வருவது பிழை. வீடும் காணியும் தொழிலும் இழந்தவருக்கு உதவி பெறும் உரிமை உண்டு. நிவாரணம் பிச்சையல்ல. ஆனால் நிவாரணம் வேறு, சங்கம் வேறு. நிவாரணத்தைப் பகிர்வதற்கென்றே அமைந்த சங்கம் நிவாரணம் நின்ற நாளில் நின்றுவிடும். சங்கம் எமதாக இருக்க வேண்டுமானால் அதில் எமது காசு, சிறிதாயினும், இருக்க வேண்டும்.

"சிறிதாயினும்" என்பதை அழுத்திச் சொல்கிறோம். 40 குடும்பம் மாதம் 100 ரூபா போட்டால் வருடத்தில் 48,000 ரூபா. அதில் கிணறு வெட்ட முடியாது. ஆனால் ஒரு சாவு வீட்டுக்கு அன்றைக்கே கைகொடுக்கலாம். விதை வெங்காயம் வாங்க இருவருக்குக் கடன் கொடுக்கலாம். காணிப் பத்திரத்திற்காகக் கச்சேரிக்கு அலைபவருக்கு பஸ் செலவு கொடுக்கலாம். இந்தச் சிறு காரியங்களைச் செய்து பழகிய சங்கத்திடம்தான் பெரிய காசை நம்பிக் கொடுக்கலாம்.

காசு கட்ட முடியாத மாதத்தில் என்ன செய்வது என்பதையும் முதலிலேயே யாப்பில் எழுதி வைக்க வேண்டும். வேலை இல்லாதவருக்கு விலக்கு, அல்லது ஒருநாள் சிரமதானம், அல்லது அறுவடையின்போது செலுத்தும் தவணை. மூன்றரை டொலர்ச் சங்கம் தடுக்கி விழுந்த கல் இதுதான். கைம்பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களை நிலுவைப் பட்டியலில் போட்டு வெட்கப்படுத்தும் சங்கம் எந்தப் பெயரில் இருந்தாலும் அது வட்டிக்காரரின் தம்பிதான்.

கணக்கு எல்லோருக்கும் தெரிய வேண்டும். அமெரிக்காவில் 1959ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்சங்கங்களின் ஆண்டு வரவு செலவு அறிக்கையைப் பொதுமக்களின் பார்வைக்கு உரியதாக்கியது. எமது நாட்டின் 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படியும் ஏழு பேர் சேர்ந்தால் ஒரு தொழிற்சங்கத்தைப் பதிவுசெய்யலாம், ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். ஆனால் கொழும்புக்கு அனுப்பும் கணக்கு மட்டும் போதாது. மாதக் கூட்டத்தில், எழுத வாசிக்கத் தெரியாத அங்கத்தவருக்கும் விளங்கும்படி, வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று வாய்விட்டு வாசிக்க வேண்டும். அந்த வாசிப்பு முடிய ஒரு அம்மா எழுந்து, "போன மாதம் பஸ்ஸுக்கு 600 எண்டியள், இந்த மாதம் ஏன் 900?" என்று கேட்டால் பொருளாளர் முகம் சுளிக்கக் கூடாது. சங்கம் உயிரோடிருப்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி இல்லை.

கூடிப் பேசுவதற்கு

இந்தக் கட்டுரையை உங்கள் சங்கக் கூட்டத்தில் வாசித்து, பின்வரும் கேள்விகளைப் பேசிப் பாருங்கள்.

1. எமது சங்கத்தின் கடந்த வருட வரவில் அங்கத்தவர் கொடுத்தது எவ்வளவு, வெளியிலிருந்து வந்தது எவ்வளவு? வெளிக்காசு நாளை நின்றால் எந்த வேலைகள் தொடரும்?

2. மக்பார்லண்டில் அந்த மாலை சாவேஸின் இடத்தில் நீங்கள் நின்றிருந்தால் காசைக் கேட்டிருப்பீர்களா? கதவைத் திறந்தவரின் இடத்தில் நின்றிருந்தால் கொடுத்திருப்பீர்களா?

3. சந்தா கட்ட முடியாத குடும்பத்தைச் சங்கத்திற்குள் வைத்திருக்க எமது யாப்பில் என்ன வழி உண்டு?

4. எமது கணக்குப் புத்தகம் இப்போது யாருடைய வீட்டில் இருக்கிறது? கடைசியாக அதை எல்லோர் முன்னிலும் எப்போது திறந்தோம்?

நாலாவது கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், மற்ற மூன்றையும் பேசுமுன் புத்தகத்தை எடுத்துவர ஒருவரை அனுப்புங்கள்.